கதவடியில் ஒரு துண்டு

வாகரைக்கு வடக்கே, கடலோரமாக உள்ளது கதிரவெளி. 2004இல் ஆழிப்பேரலையும், 2006 நவம்பர் 8இல் எறிகணைகளும் உயிர்களைப் பறித்த ஊர். பிரான்சிலுள்ள கணவரிடம் செல்லவிருக்கும் சகோதரி ஒருவருடன் அங்கே பிரெஞ்சு வாசகங்கள் படித்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டால் அவருக்கு இன்றும் நெஞ்சு பதறும். "அங்கே தட்டுபவர் தபாற்காரராக இருக்கலாம் அக்கா" என்றேன். வீட்டில் ஆளில்லாவிட்டால் அவர் 'அவி து பசாஜ்' என்னும் அறிவித்தல் துண்டை வைத்துச் செல்வார். பதிவுக் கடிதம் 15 நாட்கள் தபாலகத்தில் இருக்கும். பிறகு அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

"பொதியை அங்கே 'கொலி' என்பார்கள்" என்றதும், "கொலையா?" என்று திடுக்கிட்டவர் பிறகு சிரித்துவிட்டார். 'ஜு வியன் ஷெர்ஷே அன் கொலி' என்றால், 'பொதி எடுக்க வந்தேன்'.

சகோதரிகளே, துண்டும் அடையாள அட்டையும் கையிலிருந்தால், நமக்கு வந்ததை நாமே சென்று கேட்கலாம்.