சக்கரங்களின் மேல் ஒரு வீடு

1960-ஆம் ஆண்டு ஜான் ஸ்டைன்பெக் தன் நாய் சார்லியுடன் அமெரிக்காவைச் சுற்றிவரக் கிளம்பியபோது, ஒரு டிரக்கின் முதுகில் சிறு அறையொன்றைப் பொருத்திக்கொண்டார். அந்த வண்டிக்கு டான் குவிக்ஸாட்டின் குதிரையான ரோசினாண்டேயின் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயரில் ஓர் எச்சரிக்கை இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும். ஏறி அமர்ந்தவனின் கனவில் அது போர்க்குதிரை. பார்ப்பவர் கண்ணுக்கு எலும்பும் தோலுமான கிழட்டுக் குதிரை. ஆர்.வி. வாங்கப் போகிறவர் இந்த இரு குதிரைகளுக்கும் நடுவேதான் நிற்கிறார்.

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் கொண்ட ஊர்தியை இங்கே ஆர்.வி. என்கிறார்கள். தானே ஓடுவது மோட்டார் ஹோம். வேறொரு வண்டி இழுத்துச் செல்வது ட்ரெய்லர். நான் வசிக்கும் மிச்சிகன் மாநிலத்தின் தெற்கெல்லையைத் தாண்டியதும் வருவது இண்டியானாவின் எல்கார்ட் நகரம். அமெரிக்க ஆர்.வி.க்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வட்டாரத்தில்தான் பிறக்கின்றன. கார் தொழிற்சாலையின் இயந்திரக் கரங்களை மனதில் வைத்துக்கொண்டு அங்கே போகிறவர் திகைத்துப் போவார். மரச்சட்டம், மெல்லிய பிளைவுட், பசை, ஸ்டேப்ளர் துப்பாக்கி, மனிதக் கை. தொழிலாளர்களில் கணிசமானோர் ஆமிஷ் சமூகத்தினர். தச்சு வேலையில் பெயர் பெற்றவர்கள். ஆனால் பல ஆலைகளில் கூலி எண்ணிக்கைக்கே தரப்படுகிறது. அன்றைய கணக்கு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேகத்துக்குக் கூலி கொடுத்தால் வேகம்தான் கிடைக்கும்.

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோருக்கும் ஊரைவிட்டு ஓடத் தோன்றியது. 2021-இல் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்.வி.க்கள் ஆலைகளிலிருந்து வெளியேறின. வரலாற்றில் அதுவே உச்சம். அவசரத்தின் விலையை இத்தொழில் முன்பும் கண்டிருக்கிறது. 2005-இல் கத்ரீனா புயலால் வீடிழந்தவர்களுக்கு அரசு ஆயிரக்கணக்கான ட்ரெய்லர்களை வழங்கியது. குடியிருந்தவர்கள் கண் எரிகிறது, மூச்சு திணறுகிறது என்றார்கள். அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 குடியிருப்புகளைச் சோதித்து 2008-இல் முடிவை அறிவித்தது: காற்றில் ஃபார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு. வழக்கமான வீடுகளில் இருப்பதைவிட இது பல மடங்கு. மரப்பலகைகளை ஒட்டிய பசையிலிருந்து கசிந்தது அது. 2010-இல் அதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

2022 வசந்த காலத்தில் என் அண்டை வீட்டுத் தம்பதியர் ஒரு புதிய ட்ரெய்லரை வாங்க முடிவுசெய்தார்கள். இருவரும் ஓய்வுபெற்றவர்கள். வீட்டை விற்றுவிட்டு மீதி வாழ்நாளைச் சாலையில் கழிப்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. வண்டியைச் சரிபார்க்கும் நாளில் டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் அழைத்துப் போனார்கள். கழுவுதொட்டிக்கு அடியிலிருந்த குழாயின் இணைப்பு விரலால் தொட்டதுமே சுழன்றது. ஓர் இழுப்பறைக்குத் திருகாணியே இல்லை. கூரையில் காற்றுப்போக்கியைச் சுற்றிப் பூசிய சீலண்டில் நகம் நுழையும் இடைவெளி. விற்பனையாளர் சற்றும் சலனப்படவில்லை. "இதெல்லாம் வழக்கம்தான், வாரண்டியில் வந்துவிடும்" என்றார்.

அந்த வாரண்டித் தாளை அம்மையார் அங்கேயே உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தார். ஓராண்டுக் காலம். சீலண்டைப் பராமரிக்காததால் நீர் கசிந்தால் பொறுப்பில்லை. வண்டியை நிரந்தரக் குடியிருப்பாகப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது. தலை நிமிர்ந்து, "விளம்பரத்தில் வீடு என்று போட்டிருக்கிறீர்களே, இது யார் குடியிருக்கிற வீடு?" என்று கேட்டார். பதில் இல்லை.

அன்று அவர்கள் கையெழுத்திடவில்லை. சில மாதம் கழித்து, பழைய ட்ரெய்லர் ஒன்றைத் தனிப் பரிசோதகர் ஒருவரைக் கொண்டு ஆராய்ந்து வாங்கினார்கள். முதல் உரிமையாளர் அதன் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்திருந்தார்.

அந்தக் கேள்விக்கு நானாகக் கண்ட விடை இது. ஆர்.வி. வீடுமல்ல, காருமல்ல. ஒவ்வொரு பயணமும் ஒரு வீட்டைச் சிறு பூகம்பத்துக்கு உட்படுத்துவதற்குச் சமம். திருகாணிகள் தளரும், மூட்டுகள் விலகும். அதன் முதல் எதிரி தண்ணீர். கூரை மூட்டுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். சுவர் உப்பியிருந்தாலோ, தரை காலடியில் மெத்தென்று அமுங்கினாலோ உள்ளே மரம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். கதவருகே ஒட்டியிருக்கும் ஆர்.வி. தொழில்துறைச் சங்கத்தின் முத்திரை மின்சாரம், எரிவாயு, குழாய், தீத்தடுப்பு ஆகியவற்றின் விதிகளைப் பற்றியது. வேலைப்பாட்டின் நேர்த்திக்கு அது சாட்சி சொல்லாது. குறையுள்ள வண்டிகளுக்கான சட்டங்களும் பல மாநிலங்களில் வண்டிப் பகுதியோடு நின்றுவிடுகின்றன. குடியிருக்கும் பகுதிக்கு வருவதில்லை.

ஆகவே கடைசித் தரப் பரிசோதகர் வாங்குகிறவரேதான். தொட்டியை நிரப்பி எல்லாக் குழாய்களையும் திறந்து பாருங்கள். நீண்டு விரியும் அறையைப் பலமுறை இழுத்து மூடுங்கள். எவ்வளவு சுமை ஏற்றலாம் என்ற சீட்டைப் படியுங்கள். குறைகளைப் பட்டியலிட்டு, அவை தீரும் வரை பணத்தைக் கையில் வைத்திருங்கள். பணம் கைமாறிய பிறகு கோடைக்காலப் பழுதுவரிசையில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான். முதல் இரவை மலையடிவாரத்தில் கழிக்க ஆசை இருக்கும். டீலர் சம்மதித்தால் அவர் கடை வாசலிலேயே கழியுங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது.