பனி விளக்கும் எட்டாம் வகுப்புக் கணக்கும்



போன மார்கழியில் பேத்தியோடு கோத்தகிரி மலைப்பாதையில் போனபோது, காருக்குள் வயர் கருகும் வாடை. புதிதாகப் போட்டிருந்த பனி விளக்குகளை உடனே அணைத்தேன். நல்லவேளை, வாடையோடு போயிற்று.

ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் பழைய மாணவர் மறுநாள் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், ஒவ்வொன்றும் 55 வாட். ரெண்டும் சேர்ந்து 110. பேட்டரி 12 வோல்ட். எத்தனை ஆம்பியர்?"

கிட்டத்தட்ட 9. அவ்வளவும் மெல்லிய வயரில், ஒரு சின்ன சுவிட்ச் வழியாக ஓடியிருக்கிறது. ஃபியூஸும் இல்லை.

அவர் பேட்டரியிலிருந்து தடித்த வயர் எடுத்து, பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக விளக்குகளுக்குக் கொடுத்தார். இனி சுவிட்சுக்கு ரிலேயை இயக்கும் வேலை மட்டும்தான். எர்த் வயரை, பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் வைத்து இறுக்கினார். ஒளி சாலையில் விழும்படி விளக்குகளைத் தாழ்த்தினார்.

வாட்டை வோல்ட்டால் வகுக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் காருக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

கூடுதல் விளக்கு போட்டிருப்பவர்கள், ரிலேயும் ஃபியூஸும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பனி விலகியதும் அணைத்துவிடுங்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசும்.