பசி வயிற்றிலா, மனசிலா?

எங்கள் வீட்டுச் சமையலறையில், உளுந்து டின்னுக்குப் பின்னால் ஒரு சம்படம் இருந்தது. அதில் மிக்ஸர் இருக்கும். சில நாள் கீழக்கரைத் தொதல் இருக்கும். எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடியே தின்பேன். தின்று முடித்ததும் அழுகை வரும். காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். என்னைப்போல் சம்படத்தை ஒளித்து வைத்திருக்கும் சகோதரி ஒருத்திக்காவது பயன்படட்டுமே!

எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது 38ஆவது வயதில். முதலில் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. பிறகு அம்மா காலமானார். அதே வருஷம் பெண்ணைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்தோம். வீடு வெறிச்சோடிப் போயிற்று. காலையில் எழுந்திருக்கப் பிடிக்காது, தலை வாரப் பிடிக்காது. ராமேஸ்வரம் கோயிலுக்குப் போனாலும் மனசு ஒட்டாது. ஆனால் இரவானால் மட்டும் வாய் எதையாவது கேட்கும். 62 கிலோ இருந்தவள் 78 கிலோ ஆனேன்.

"வாயைக் கட்டத் தெரியலையே உனக்கு!" என்பார் நாத்தனார். உண்மைதானே என்று நானும் என்னையே திட்டிக்கொள்வேன். திட்டிக்கொண்ட அன்றைக்குச் சம்படம் இன்னும் சீக்கிரம் காலியாகும்!

'மனசு சரியில்லை என்று யாரிடமாவது சொல்லியிருக்கலாமே' என்று கேட்பீர்கள். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் அதை வாய்விட்டுச் சொல்வது லேசில்லை. ஏர்வாடி இங்கேதான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. அதிலிருந்து 'மனநோய்' என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தச் சங்கிலிதான் நினைவுக்கு வரும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டு வரும் பெண்தான் ஒரு நாள் கேட்டாள். "அக்கா, மாத்திரையை ஒழுங்காத்தானே போடுறீங்க? பின்னே ஏன் இம்புட்டு ஏறுது?"

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது. சம்படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மாகிட்ட தின்னதை மட்டும் சொல்லாதீங்கக்கா, அழுததையும் சொல்லுங்க" என்றாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா இரண்டே கேள்விதான் கேட்டார். "ரெண்டு வாரமா மனசு சோர்ந்தே இருக்கா? எதிலயும் நாட்டமில்லாம இருக்கா?" இரண்டு வாரமா? இரண்டு வருஷமாகவே என்றேன்.

"இது பேராசை இல்லம்மா. சர்க்கரையும் மனச்சோர்வும் ஒண்ணை ஒண்ணு வளர்க்கிற வியாதிங்க. மனக்கவலையில சுரக்கிற சில ஹார்மோன்கள் ரத்தத்தில சர்க்கரையை ஏத்தும். இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் கேட்க வைக்கும். சர்க்கரை ஏறினா உடம்பு அசந்து போகும், அசந்த உடம்பில மனசு இன்னும் சோரும்" என்று விளக்கினார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் எனக்கு 9.4 இருந்தது.

சர்க்கரை மாத்திரைகள் சிலவும் இன்சுலினும் எடையைக் கூட்டக்கூடியவையாம். மனச்சோர்வு மாத்திரைகளிலும் சில அப்படியாம். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாமே தவிர, நாமாக நிறுத்தக் கூடாது. எனக்கு ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்து, மனநல டாக்டரிடமும் அனுப்பினார். நடுங்கிக்கொண்டேதான் போனேன். அங்கே சங்கிலியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அரை மணி நேரப் பேச்சு, ஒரு சின்ன மாத்திரை. அவ்வளவுதான்! மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் வருஷச் சட்டமே தடை செய்திருக்கிறது என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அன்று இரவு சம்படத்தை எடுத்து இவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாளா இருட்டில நின்னா தின்னே? என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?" என்றார். எத்தனையோ நாள் கழித்து அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது நான் கடைப்பிடிப்பவை இவை:

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கிறேன். சோறு ஒரு கப். மீன் குழம்பில் மீன் இரண்டு துண்டு. காய் தட்டில் பாதி. பொரித்த மீன் எப்போதாவதுதான். பகலில் பட்டினி கிடப்பதில்லை. பட்டினி கிடந்தால்தான் இரவில் கை நீளுகிறது.

சாப்பிட்டதும் இவரோடு 15 நிமிஷம் நடக்கிறேன். சர்க்கரை சட்டென்று ஏறாமலிருக்க இது உதவும்.

கருப்பட்டி நல்லது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோமே, அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

வேளை கெட்ட வேளையில் பசித்தால், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பத்து நிமிஷம் உட்காருகிறேன். வயிற்றுப் பசியா, மனசுப் பசியா என்று தெரிந்துவிடும். மனசுப் பசி என்றால் மகளுக்குப் போன் போடுவேன், அல்லது இவரை எழுப்புவேன். ஆனால் கை நடுங்கி, வியர்த்து, படபடப்பாக வந்தால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். அப்போது காத்திருக்கக் கூடாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையை உடனே தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

ஒரு வருஷத்தில் 78 கிலோ 72 ஆகியிருக்கிறது, எச்பிஏ1சி 7.3. பெரிய சாதனை இல்லைதான். அம்மாவின் திதியன்று இரவு மறுபடி சறுக்கினேன். ஆனால் மறுநாள் என்னைத் திட்டிக்கொள்ளவில்லை. வழக்கம்போல் நடக்கப் போனேன்.

சகோதரிகளே, சர்க்கரைக்கு டாக்டரிடம் போகும்போது மனசையும் கூடவே அழைத்துப் போங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். அரசாங்கத்தின் இலவச மனநலச் சேவை. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். வாயைக் கட்டுவதற்கு முன்னால், வாயைத் திறந்து சொல்லிவிடுவதுதான் முதல் வைத்தியம். நான் அதை இரண்டு வருஷம் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.