தோன்றா எழுவாய்

"மானம் இருட்டுது. மாடியில துணி கெடக்கு, எடுக்கணும்." எங்கள் வீட்டில் இடிமழைக்கான முன்னேற்பாடு பல ஆண்டுகள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியது. வகுப்பில் தோன்றா எழுவாய் நடத்தும்போது இதையே எடுத்துக்காட்டாகச் சொல்வேன். யார் எடுக்கணும்? மாணவிகள் உடனே சிரித்துவிடுவார்கள். மாணவர்களுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

விருத்தாசலம் பக்கம் எங்கள் ஊர். முந்திரிக்கொட்டை பொறுக்கும் சித்திரையில்தான் கோடை இடியும் இறங்கும். காலையெல்லாம் காய்ந்த மண்ணின் சூட்டில் ஈரக்காற்று மேலேறி, பிற்பகலில் மேகமாகத் திரண்டு நிற்கும். அந்நேரம் வாசலில் கொட்டை காயும், கொடியில் துணி காயும், தோப்பில் ஆடு கட்டிக் கிடக்கும். எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துவிட்டுக் கடைசியாக ஆட்டை அவிழ்க்கப் போனவர் என் சின்னம்மா. பனைமரத்தில் விழுந்த இடி அவரையும் ஆட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. 38 வயது. விதி என்றார்கள். அப்போது வீட்டுக்குள் நான்கு ஆண்கள் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லியபடி உட்கார்ந்திருந்ததற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

2022இல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மழை விழாத இடத்திலும், மேகத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும். ஆக, முதல் தூறலுக்கு முன் துணி எடுக்க ஓடும் அந்தப் பத்து நிமிடம்தான் உயிருக்கு ஆபத்தானது. இடிச் சத்தம் கேட்டால் உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே போகக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் எழுவாய்கள் வெளிப்படையாக இருக்கின்றன. மதியமே 'தாமினி' செயலியைப் பார்ப்பது மகன். துணி எடுப்பதும், ஃப்ரிட்ஜ், டிவி பிளக்குகளை இடி தொடங்குமுன் பிடுங்குவதும் கணவர். மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவது, அத்தையின் சர்க்கரை மாத்திரையையும் டார்ச்சையும் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது நான். இடிக்கும்போது குழாயைத் திறந்து பாத்திரம் தேய்க்கக் கூடாது, இரும்புக் குழாய் வழியாகவும் மின்சாரம் பாயும் என்கிறார்கள். அறிவியல் எனக்குச் சொன்னவற்றில் மிகவும் பிடித்தது இதுதான்.

முதல் தடவை யாரும் எடுக்கவில்லை, இடி தொடங்கிவிட்டது. "துணி நனையுதே" என்று அத்தை என்னைப் பார்த்தார். "நனையட்டும் அத்தை" என்றேன். கணவர் எழுந்தார். அவரையும் விடவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் அலசிப் போட்டவர் அவர்.

தோப்பில் பொறுக்கும் பெண்களுக்கு ஓடி ஒதுங்க வீடில்லை. மரத்தடியோ தார்ப்பாய்ப் பந்தலோ மின்னலைத் தடுக்காது. கதவை மூடிய வேன் இருந்தால் தப்பலாம். போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். விடியுமுன் வேலை தொடங்கி இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று அவர்களே ஒரு வழியும் சொன்னார்கள். பிறகு ஒரு அக்கா கேட்டார்: "அது சரி கண்ணு, இடி இடிச்சுப் பாதியில ஏறிட்டா அன்னிக்குக் கூலி உண்டா? அத மேஸ்திரிகிட்ட யார் கேக்கறது?"