உப்பு லாரிக்குக் குறுக்குவழி எது?

மரக்காணத்திலிருந்து மாதவரத்துக்கு ஒரு லாரி உப்பு போக வேண்டும். எந்த வழியில் போனால் சீக்கிரம் போய்ச் சேரும்? கேள்வி இவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு கட்டுரையா என்று கேட்காதீர்கள். நடுவில் சென்னை இருக்கிறது!

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. காரில் புதுச்சேரி போகிறவர்களுக்கு அது பாத்திகளும் அம்பாரங்களுமாகக் கண்ணாடி வழியே கடந்துபோகும் ஒரு வெள்ளைக் காட்சி. சிலர் இறங்கிப் படம்கூட எடுத்துக்கொள்வார்கள். அந்த வெள்ளை எப்படிச் சந்தைக்குப் போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

உப்பு ஒரு விசித்திரமான சரக்கு. கனம் அதிகம், விலை குறைவு. ஒரு லாரி நிறைய உப்பு போனாலும் ஒரு லாரி நிறைய செல்போன் போனாலும் சுங்கச்சாவடியில் கட்டும் காசு ஒன்றுதான். செல்போன்காரருக்கு அது கணக்கிலேயே வராது. உப்புக்காரருக்கு அதுதான் கணக்கே. உப்பளத்தில் ஒரு மூட்டைக்கு என்ன விலை என்பதைவிட, அது போய்ச் சேரும் இடத்தில் லாரி வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் வியாபாரத்தை முடிவு செய்யும். வாடகை ஏறினால் வாங்குகிறவர் கூடக் கொடுக்கமாட்டார், கடைசியில் பாத்தியில் வெயிலுக்கு முன் விடியற்காலையிலேயே இறங்கி உப்பு வாருகிறவர்களின் பக்கம்தான் அது திரும்பி வரும். ஆக, சென்னையில் எந்தச் சிக்னலில் லாரி நிற்கிறது என்பதற்கும் மரக்காணத்துக் கூலிக்கும் சம்பந்தம் உண்டு.

இந்தத் தலைவலி லாரியோடு வந்ததல்ல. இது படகு காலத்துச் சமாச்சாரம்.

பக்கிங்காம் கால்வாய் தெரியுமல்லவா? இன்றைக்குச் சென்னைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அதே கால்வாய்தான். 1806ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, பிறகு வடக்கே ஆந்திரக் கரை வரை நீண்டது. தெற்கே அடையாற்றிலிருந்து மரக்காணம் வரை நூறு கி.மீ.க்குச் சற்று மேல். கால்வாயின் தென்கோடியே மரக்காணம்தான். உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தார்கள், கோல் ஊன்றித் தள்ளினார்கள், காற்று சரியாக இருந்தால் பாய் விரித்தார்கள். வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உப்பு கெட்டுப்போகும் பொருளா என்ன? மெதுவாகப் போனால் போதும், மலிவாகப் போக வேண்டும்.

ஆனால் அங்கேயும் சென்னை குறுக்கே நின்றது! தெற்குக் கால்வாய் அடையாற்றோடு முடிந்தது, வடக்குக் கால்வாய் கூவத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் சுமார் 8 கி.மீ.க்குத் தண்ணீர் வழி கிடையாது. நூறு கி.மீ. படகில் வந்த உப்பு வடக்கே போக வேண்டுமானால் இந்த 8 கி.மீ.க்காக இறக்கி, வண்டியில் ஏற்றி, ஊரைக் கடந்து, மறுபடி இறக்கி ஏற்ற வேண்டும். இந்த இடைவெளியை அடைத்தது ஒரு பஞ்சம். 1876ல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் நகரத்துக்கு வந்த மக்களைக் கொண்டு, நிவாரண வேலையாக, 1877-78ல் அந்தத் துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரைக் கால்வாய் முழுவதற்கும் வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயரை யார் வைக்கப்போகிறார்கள்.

மரக்காணத்து உப்பு சென்னையை நிற்காமல் கடந்துபோன காலம் என்று ஒன்று உண்டென்றால், அது அதற்கப்புறம்தான். 1960களின் புயல்களில் கால்வாய் சிதைந்தது, படகுகள் குறைந்தன, சாலையும் லாரியும் வேலையை எடுத்துக்கொண்டன. பஞ்சத்தில் வெட்டிய அந்த நகரத்துத் துண்டின் மேல் இப்போது பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 1997ல் மயிலாப்பூர் வரை வந்த ரயில் 2007ல் வேளச்சேரிக்குப் போனது. 2008ல் இந்தக் கால்வாயையும் சேர்த்து தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். தூண்களுக்கு நடுவே உப்புப் படகு எப்படிப் போகும் என்பது அறிவித்தவர்களுக்குத்தான் வெளிச்சம்.

சரி, லாரிக்கு வருவோம்.

வரைபடத்தில் பார்த்தால் வழி வெளிப்படை. ஈ.சி.ஆர். நேராக வடக்கே போகிறது. கடப்பாக்கம், கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம், திருவான்மியூர். 2002ல் சுங்கச் சாலையாக மாற்றி மேம்படுத்தியதிலிருந்து ஓட்டுவதற்கும் நல்ல சாலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்கு வழியாக்கும் வேலையும் 2020களில் தொடங்கியது. சென்னையின் தென்விளிம்பு வரைக்கும் இதுதான் மிகக் குறைந்த தூரம். பிரச்சினை அதற்குப் பிறகு. திருவான்மியூரில் வந்து நின்றால் மாதவரம் ஊருக்கு அந்தக் கோடியில். அடையாறு, மயிலாப்பூர் என்று நகரத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பகலில் கனரக லாரிகளுக்கு நகரத்தின் பல சாலைகளில் தடை. விடிவதற்கு முன் கடந்துவிட்டால் பிழைத்தார். இல்லையென்றால் ஓரங்கட்டி இரவு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு வழி தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. மரக்காணத்திலிருந்து மேற்கே திண்டிவனம் போய் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிப்பது, அல்லது செய்யூர் பக்கம் திரும்பி மேல்மருவத்தூர் அருகே பிடிப்பது. மதுராந்தகம், செங்கல்பட்டு, பரனூர் சுங்கச்சாவடி, வண்டலூர். அங்கே சென்னைக்குள் நுழையாமல் இடது பக்கம் திரும்பினால் வெளிவட்டச் சாலை. வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை 62 கி.மீ. முதல் பாதி 2014ல் திறந்தது, நெமிலிச்சேரிக்கு அப்பால் உள்ள பாதி 2021ல். கொஞ்சம் உள்ளே வர மனமிருந்தால் பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் போகும் 32 கி.மீ. புறவழிச் சாலையும் இருக்கிறது. திண்டிவனம் வழி கி.மீ. கணக்கில் நிறையவே நீளம். டீசல் கூட. சுங்கம் கூட. ஆனாலும் பல நாட்களில் இந்தச் சுற்றுவழிதான் முதலில் போய்ச் சேரும்.

"பல நாட்களில்" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு புதன்கிழமை இரவு ஈ.சி.ஆர். காலியாகக் கிடக்கும். அதே சாலை ஞாயிறு மாலையில் புதுச்சேரியிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் திரும்பும் கார்களால் கோவளத்திலேயே திணறும். ஜி.எஸ்.டி. மட்டும் யோக்கியமா? பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்து தென்மாவட்டங்கள் மொத்தமும் சென்னைக்குத் திரும்பும் இரவில் செங்கல்பட்டிலேயே வண்டிகள் ஊர ஆரம்பித்துவிடும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. வெளியூர்ப் பேருந்துகள் கோயம்பேடு வரை போகாமல் அங்கேயே நிற்பதால் நகரத்துக்குள் நிம்மதி. ஆனால் அந்தக் கூட்டம் வந்து சேர்ந்திருப்பது உப்பு லாரி வெளிவட்டச் சாலைக்குத் திரும்பும் அதே வண்டலூர்ப் பக்கம்!

குறைந்த தூரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேனா பேப்பர் இல்லாமல் இருபது நிமிடத்தில் அந்த முறையை யோசித்தாராம். கூடவே கடைக்குப் போய்க் களைத்திருந்த அவருடைய வருங்கால மனைவி இருந்தார். இன்றைக்கும் வழி சொல்லும் மென்பொருள்களின் அடியில் அந்த யோசனையின் வாரிசுகள்தான் ஓடுகின்றன. ஆனால் டைக்ஸ்ட்ராவின் கணக்கில் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு எண் உண்டு, அந்த எண் மாறாது. சென்னையில் எந்த எண் மாறாமல் இருக்கிறது?

அந்த எண்ணை மாற்றுகிறவர்களும் வழி தேடுகிறவர்களேதான். ஜான் கிளென் வார்டிராப் என்ற ஆங்கிலேயர் 1952ல் ஒரு விதி சொன்னார்: எல்லாரும் தனக்கு வேகமான வழியையே தேடிப் போனால், கடைசியில் ஆட்கள் போகும் எல்லா வழிகளும் ஒரே நேரம் பிடிக்கும் நிலைக்கு வந்து நிற்கும். சந்தையில் லாபம் இருக்கும் கடைப் பக்கம் எல்லாரும் ஓடினால் லாபம் கரைந்துபோவதைப் போலத்தான். குறுக்குவழி என்பது மற்றவர்களுக்குத் தெரியாத வரைக்கும்தான் குறுக்குவழி. 1968ல் ஜெர்மனியின் டீட்ரிச் பிராஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். புதிதாக ஒரு சாலை போட்டால் எல்லாருடைய பயண நேரமும் கூடிவிடக்கூடும் என்று கணக்குப் போட்டே காட்டினார். நம்ப முடியவில்லையா? சியோல் நகரத்தில் சோங்கேசோன் ஓடையின் மேல் இருந்த உயர்மட்டச் சாலையை 2003ல் இடிக்கத் தொடங்கி, 2005ல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். நகரம் ஸ்தம்பித்துவிடவில்லை. நம் ஊரில் கால்வாய்க்கு நடந்தது நேர் எதிர், அதை மேலே பார்த்தோம்.

போன் வைத்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குத்தான். 2020 பிப்ரவரியில் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களைச் சின்னக் கைவண்டியில் போட்டுத் தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். காலியான தெருவை கூகுள் வரைபடம் நெரிசல் என்று சிவப்பாகக் காட்டியது! அதை விடுங்கள். பெரிய குறை வேறு. வரைபடம் சொல்லும் நேரம் பெரும்பாலும் காரின் நேரம். பத்துச் சக்கர லாரி எந்தத் தெருவில் திரும்ப முடியாது, எந்தச் சாலையில் எத்தனை மணிக்குப் பிறகு போலீஸ் மடக்கும் என்பதெல்லாம் ஓட்டுநரின் மண்டையில்தான் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் கணக்கு. எண்கள் சும்மா வைத்துக்கொண்டவை. கிட்ட வழியில் ஐந்து நாளில் நான்கு நாள் மூன்றரை மணி நேரம், ஒரு நாள் ஆறு மணி நேரம். சராசரி நான்கு மணி. சுற்றுவழியில் எப்போதுமே நாலேகால் மணி. சராசரியைப் பார்க்கிறவர் கிட்ட வழியைத்தான் எடுப்பார். காரில் போகிறவருக்கு அது சரியும்கூட. ஆனால் லாரிக்கு, தடை நேரம் தொடங்க நாலரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால்? கிட்ட வழியில் ஐந்தில் ஒரு நாள் மாட்டிக்கொள்வார். மாட்டினால் நஷ்டம் ஒன்றரை மணி நேரமல்ல, முழுப் பகல். அந்தப் பகலுக்கு லாரிக்குக் கடன் தவணை உண்டு, ஓட்டுநருக்குப் படி கிடையாது, மறுநாள் சரக்கு அம்பாரத்திலேயே கிடக்கும். நான்கு நாள் மிச்சம் பிடித்த முக்கால் முக்கால் மணி நேரத்தை வைத்து அதை ஈடுகட்ட முடியாது. சராசரி குறைவான வழியும் நல்ல வழியும் ஒன்றல்ல.

இது உப்பு வணிகர்களுக்குப் புதுப் பாடமில்லை. சங்க காலத்தில் உப்பு விற்ற உமணர்கள் மாட்டு வண்டிகளில் கூட்டமாகப் போனார்கள். வழியில் மேடோ பள்ளமோ, எங்கே அச்சு முறியுமோ என்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு கிளம்புவார்களாம். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அந்தச் சேம அச்சைத்தான் பொகுட்டெழினிக்கு உவமையாகச் சொல்கிறார். அச்சு முறியாத நாளில் அது வெறும் பாரம். அந்தப் பாரத்தோடுதான் வண்டி ஓடியது.

இன்றைய சேம அச்சு, ஓட்டுநர் கூடுதலாக வைத்துக்கொள்ளும் ஒரு மணி நேரம். அது அவருடைய தூக்கத்திலிருந்துதான் வருகிறது, அதற்கு யாரும் வாடகை போடுவதில்லை. அதனால் அதை எப்படியாவது சுருக்கப் பார்க்கிறார்கள். மூட்டை ஏற்றி, தார்ப்பாய் கட்டி, கயிறு இறுக்கியதும் முதல் வேலை, முன்னால் போன லாரிக்காரருக்கு ஒரு போன்.

"அண்ணே, வண்டலூர் எப்படி இருக்கு?"

பதிலைப் பொறுத்துத்தான் லாரி மேற்கே திரும்புவதா வடக்கே திரும்புவதா என்று முடிவாகும்.