தண்ணீர் கேட்காத புல்

2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. குடிநீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினாலோ காரைக் கழுவினாலோ 5,000 ரூபாய் அபராதம். சில நாட்களில் நீச்சல் குளங்களுக்கும் தடை வந்தது. ஒயிட்ஃபீல்டில் பின்கட்டில் சின்னதாக ஒரு குளமும் அதைச் சுற்றி மெக்சிகன் புல்லும் வைத்திருந்த அந்த ஓய்வுபெற்ற பொறியாளரைப் பொறுத்தவரை உத்தரவே தேவைப்படவில்லை. அவருடைய ஆழ்துளைக் கிணறு பிப்ரவரியிலேயே காற்றை இறைக்கத் தொடங்கியிருந்தது. மே மாத மழை வருவதற்குள் புல்தரை வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டது.

மனைவிக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஈரக் காலோடு புல்லில் நடந்து அதே காலோடு பேரன் குளத்தில் குதிப்பதும், சேறும் வெட்டிய புல்லும் வடிகட்டியை அடைப்பதும் அவருக்கு அலுத்துப் போயிருந்தன. பிளாஸ்டிக் புல் போட்டுவிடலாம் என்ற யோசனை அவருடையதுதான். தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், சேறில்லை. வாரத்தில் மூன்று நாள் வரும் தோட்டக்காரர் ஒரு நாள் வந்தால் போதும். இந்தக் கடைசிக் கணக்கை மட்டும் யாரும் உரக்கச் சொல்லவில்லை. தோட்டக்காரர் தானாகவே புரிந்துகொண்டார்.

வேலையைப் பொறியாளர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். செத்த புல்லோடு நான்கு அங்குல மண்ணை வழித்தெடுத்தார்கள். ஜல்லியும் கல்தூளும் பரப்பி இறுக்கினார்கள். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வீதம், குளத்துக்கு எதிர்ப்புறமாகச் சரிவு. இது இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் ஊரின் தூசியோடு நேரே குளத்துக்குள் இறங்கும். மேலே களைத்தடுப்புத் துணி. அதன்மேல் இரண்டு மீட்டர் அகலச் சுருள்கள், இழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும்படி. ஒரு சுருள் திரும்பிவிட்டால், ஒரே புல் வெயிலில் இரண்டு நிறமாகத் தெரியும். குளத்தின் விளிம்பில் ஆணி கூடாது, பசைதான். வெறுங்காலோடு நடக்கிற இடமல்லவா?

இழைகள் நிமிர்ந்து நிற்க மணல் தூவுவது வழக்கம். குளத்தை ஒட்டி அதையும் குறைத்தார்கள். மணல் காலோடு போய் வடிகட்டியில்தான் சேரும். மைதானங்களில் தூவும் ரப்பர் துகளை அவர் வாசலிலேயே தடுத்துவிட்டார். இந்தத் துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி கொண்டுவந்து, எட்டு ஆண்டு அவகாசத்துக்குப் பின் அவற்றின் விற்பனைக்குத் தடை என்று அறிவித்திருக்கிறது.

2025 மார்ச் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. பார்த்தவர்கள் தொட்டுப் பார்த்துத்தான் நம்பினார்கள். பிறகு ஒரு மதியம், குளத்திலிருந்து ஏறி வீட்டை நோக்கி ஓடிய பேரன் பாதி வழியில் "தாத்தா, சுடுது!" என்று அலறி ஒற்றைக் காலில் குதித்தான்.

உயிருள்ள புல் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் இழை வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் அறியும். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் செயற்கை மைதானத்தை அளந்தபோது, காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸாக இருந்த நாளில் தரையின் சூடு 93 டிகிரியைத் தொட்டது. தண்ணீர் தெளித்தால் சட்டென்று இறங்கியது. இருபது நிமிடத்துக்குள் பழைய சூட்டை நெருங்கிவிட்டது. பெங்களூர் வெயில் அவ்வளவு கொடியதல்ல. பிள்ளையின் பாதத்துக்கு அவ்வளவு தேவையுமில்லை.

இதன் வரலாறே இப்படித்தான். 1965இல் திறந்த ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில், கண்ணைக் கூசிய கூரைக்குச் சாயம் பூசியதும் உள்ளே புல் செத்தது. அதற்கு மாற்றாக 1966இல் விரித்ததுதான் ஆஸ்ட்ரோடர்ஃப். வெயில் இல்லாத இடத்துக்காகப் பெயர்பெற்ற பொருளை நாம் வெயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். 1976இல் மாண்ட்ரீலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது; இந்தியாவுக்கு ஏழாவது இடம். பிறகு வந்த உயர்தர ஹாக்கித் தரைகளோ ஆட்டத்துக்கு முன் குளிப்பாட்டினால்தான் பந்தை ஒழுங்காக ஓடவிடும். தண்ணீர் கேட்காத புல் என்பது இவ்வளவுதான்.

பொறியாளரும் குழாயை எடுத்தார். மதியம் இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு முறை. தண்ணீர் லாரிக்காரரின் ரசீதுகளை மனைவி ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். ஏப்ரல் முடிவில் கம்பியை எடுத்துவந்து மேசையில் வைத்தார், ஒரு வார்த்தை பேசாமல்.

அந்தச் சமயத்தில் தோட்டக்காரர் இன்னொன்றைக் காட்டினார். இரண்டு சுருள்கள் சேரும் இடத்தில், பசையையும் துணியையும் துளைத்துக்கொண்டு, ஊசிபோல் பச்சை முனைகள். அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு, வழித்தெடுத்த மண்ணுக்குக் கீழே ஒரு வருடம் காத்திருந்திருக்கிறது. மெக்சிகன் புல்லின் சுவடுகூட இல்லை.

"பிடுங்கட்டுமா சார்?" என்றார்.

வீட்டுக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. நிழலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"ஹொங்கே வைக்கலாம் சார்." நம் புங்க மரத்துக்குக் கன்னடப் பெயர் அது.

"இலையும் பூவும் குளத்தில் கொட்டுமே?"

"கொட்டத்தான் செய்யும். நான் வந்து அள்ளுகிறேன்."

அந்தப் பதிலில் மரத்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை என்பது மனைவிக்குத்தான் முதலில் உறைத்தது. வாரத்துக்கு எத்தனை நாள் வருவார் என்று கேட்டார். மூன்று என்று முடிவாயிற்று.

வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே நான்கடி அகலத்துக்குப் பிளாஸ்டிக்கைக் கிழித்து எடுத்துவிட்டார்கள். அங்கே அருகு பரவ விட்டிருக்கிறது. பேரன் ஓடுவது அதன் மேல்தான். மிச்சப் புல்லுக்கு மேலே பச்சை வலை கட்டியிருக்கிறார்கள். மேற்கு மதிலோரம், குளத்திலிருந்து இருபதடி தள்ளிப் புங்கங்கன்று, இடுப்பளவு உயரம். வடிகட்டியைக் கழுவிய தண்ணீரில் குளோரின் இருப்பதால் அதை ஊற்றத் தோட்டக்காரர் சம்மதிக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரை மனைவி ஒரு வாளியில் சேர்த்து வைக்கிறார்.