காவலர்கள் கேட்டிருந்தால்

கோவலன், கண்ணகி கதையை நீங்கள் கீழ் வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். நான் வெளிநாட்டில் படித்தவன். என் பள்ளியில் தமிழ்ப் பாடமே கிடையாது. நம் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்த வந்த பிறகுதான் சிலப்பதிகாரத்தை உரையோடு படித்தேன். அரசன் தவறாகத் தீர்ப்புச் சொன்னான், கண்ணகி மதுரையை எரித்தாள் என்பது முன்பே தெரியும். நடுவில் வரும் காவலர்களைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதே இல்லை!

அரசியின் சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். பழியைக் கோவலன் மேல் போட்டுவிட்டான். பாண்டியன் நெடுஞ்செழியன் விசாரிக்கவில்லை. அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்றுவிட்டு அதைக் கொண்டுவரும்படி காவலர்களுக்கு ஆணையிட்டான்.

காவலர்கள் கோவலனைப் பார்த்தார்கள். இவரைப் பார்த்தால் திருடர் மாதிரி தெரியவில்லையே என்று அவர்களுக்கே தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னார்கள். ஆனால் யாரிடம்? அந்தப் பொற்கொல்லனிடம்! அவன் சிரித்தான். திருடர்கள் எவ்வளவு தந்திரக்காரர்கள் என்று நீளமாகப் பேசினான். காவலர்கள் தயங்கி நின்றார்கள். அதற்குள் அவர்களில் குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான்.

தமிழில் 'கேள்' என்றால் சொன்னபடி செய் என்றும் பொருள், கேள்வி கேள் என்றும் பொருள். சாலையில் நான் "நில்லு!" என்று கத்தினால் என் மகள் உடனே நிற்கணும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஒருவரைக் கொல்லச் சொன்னால் அப்படியா? கேள்விதான் முதலில் வரணும்.

நான் கணினி மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் குழுவில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அது வெளியே போகும். மேலாளர் அவசரப்படுத்தினாலும் அப்படித்தான். நேற்றுச் சேர்ந்தவர்கூட "இது ஏன் இப்படி?" என்று என்னைக் கேட்கலாம். சில நாள் எரிச்சலாத்தான் இருக்கும்!

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், அவங்க போய்க் கேட்டா ராஜா அவங்களையும் கொன்னுடுவாரே?"

நல்ல கேள்வி. பயம் இருந்திருக்கும். ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். கண்ணகி ஒற்றைச் சிலம்போடு, கோபத்தோடு அரண்மனை வாசலுக்கு வந்தாள். வாயிற்காவலன் நடுங்கிவிட்டான். ஆனாலும் உள்ளே போய், பார்த்ததை அப்படியே அரசனிடம் சொன்னான். அரசன் அவளை வரச் சொன்னான். அவள் பேசியதைக் கேட்டான். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பை உடைத்தபோது தெறித்ததோ மாணிக்கம். தன் தவறு புரிந்ததும் அரசன் அங்கேயே விழுந்து இறந்தான்.

எடுத்துச் சொன்னால் கேட்கிற அரசன்தான் அவன். அந்தக் காவலர்கள் திரும்பி நடந்திருக்கலாம். அரண்மனை அதே ஊரில்தான் இருந்தது.